நாலாம் நம்பர் பெல்ட்டில் கிடைத்த ராகம்

இரண்டாவது சரணத்தை எடுக்கும்போதுதான் பின்பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. கல்யாண மண்டபத்தில் யார் அழப் போகிறார்கள்? ஏதோ குழந்தை என்று நினைத்து நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தேன். ஞானசிகாமணி சார் ஆர்மோனியத்தில், நான் மைக்கில், எனக்குப் பின்னால் சபைப் பாடகர் குழுவில் ஆறு பேர். மேடையில் சாருடைய மகள் சுகிர்தா வெள்ளை முக்காடும் மாலையுமாக மாப்பிள்ளை பக்கத்தில் நின்றிருந்தாள். கோயிலில் தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வாழ்த்துப் பாட்டு. அது நான் எழுதிய பாட்டு. சார்தான் கேட்டு வாங்கிப் பாட வைத்தார். கல்யாணம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பாடுவோம் என்று சொல்லி, வழக்கமாகக் கைதட்டிப் பாடுகிற வேகத்தை விட்டுவிட்டு இழுத்து இழுத்து வாசித்தார்.

சத்தம் நிற்கவில்லை. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஜனங்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நானும் பார்த்தேன். சமையல்கட்டுக் கதவோரம், பாத்திரம் கழுவ வந்த மூன்று பெண்கள் ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடி அழுதுகொண்டிருந்தார்கள். தாளம் தப்பாமல் அழுதார்கள். நான் எந்த இடத்தில் மூச்சு வாங்கினேனோ அந்த இடத்தில் அவர்களும் வாங்கினார்கள். நடுவில் இருந்தவள் எங்கள் ஊர் மாரியம்மாள்.

சாரின் வீட்டம்மா விறுவிறுவென்று போய், "என்னம்மா இது? கல்யாண வீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு?" என்று அதட்டினார். மாரியம்மாள் பதறி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மன்னிச்சிக்குங்கம்மா. வேணும்னு அழுவலங்க. இது எழவுப் பாட்டுங்க. எங்க ஊரு குஞ்சிதபாதம் அண்ணன் செத்தப்ப அவரு பொஞ்சாதி பாடனது. இதக் கேட்டா எங்களால நிக்க முடியாதுங்க" என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். "தோ பாடுதே, அந்தத் தம்பியோட அப்பாதாங்க."

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்பது புரியாது. என் பேர் தனகோட்டி. ஊர் குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு தெரு. அப்பா கூலி, அம்மா கூலி, எனக்கு எட்டு வயசிலிருந்து ஊராருடைய ஆடு. பத்தொன்பது வயசில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து வெள்ளையடிக்க வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் காம்பவுண்டுச் சுவருக்கு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஐயர் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. சபையில் நிறைந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போனதாம். மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதையும் காட்டில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடு மேய்த்தவன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான். ஒன்றுக்காக மிச்சத்தை விட்டால் சாயங்காலம் முதுகுத்தோல் மிஞ்சாது. ஆனால் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கிறுக்கன் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்க, எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று. இவ்வளவுதான் என் மனமாற்றம். சபையில் சாட்சி சொல்லும்போது மற்றவர்கள் தரிசனம் கண்டேன், ஒளியைக் கண்டேன் என்பார்கள். என்னிடம் சுண்ணாம்பு மட்டைதான் இருந்தது.

சுவருக்கு வெளியே நின்று உள்ளே பாடுகிறவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த என்னை ஞானசிகாமணி சார்தான் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன், சபையில் பாடகர் குழுத் தலைவர். "தொண்ட நல்லாருக்குடே. வெயில்ல நின்னு ஏன் கெடுக்குத?" என்றார். அப்படித்தான் சபையில் சேர்ந்தேன்.

சேர்ந்து மூன்று மாதத்தில் அப்பா செத்துப் போனார். பாம்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. செய்தி வந்தபோது ஐயர், "போய் பெத்த தாய் பக்கத்துல நில்லுங்க தம்பி. செய்ய வேண்டியதச் செய்யுங்க" என்றுதான் சொன்னார். நான்தான் பெரிய விசுவாசி ஆயிற்றே! கொள்ளி வைக்க மாட்டேன், மொட்டை அடிக்க மாட்டேன், தீட்டு, சடங்கு எதையும் தொட மாட்டேன் என்று பந்தலுக்கு வெளியே வேலியோரம் விறைத்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா மகன் சிங்காரவேலு கொள்ளி வைத்தான். உள்ளே அம்மா பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் ஐந்தாறு ஊரில் எழவு விழுந்தால் ஒப்பாரிக்கு என் அம்மா மாணிக்கம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் தன் வீட்டுச் சாவுக்குத் தானே பாடினாள். நான் ஒரு சொட்டு அழவில்லை. சொர்க்கம் நரகம் என்று மனசுக்குள் வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டு போன பிறகு அம்மா தலைவிரி கோலமாக வந்து என் முன்னால் நின்றாள். "இனிமே இந்த வூட்டுக்குள்ள காலு வைக்காத" என்றாள். அத்தோடு சரி. மூன்று வருஷம் நானும் போகவில்லை, அவளும் ஆள் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு மந்தாரக்குப்பத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தேன். சுரங்கத்து மண்ணை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுகிற வேலை. மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் நூறு கஜம் இருக்கும். கத்தினாலும் கேட்காது. ஒரு ஷிப்ட் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்த நாட்கள் எத்தனையோ. ஞாயிற்றுக்கிழமையும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆராதனை முடிந்து கோயில் படியில் கும்பல் கும்பலாக நின்று பேசுவார்கள். எல்லாம் ஊர்ப் பேச்சு. யார் வீட்டில் யாருக்கு வரன் பார்க்கிறார்கள், லீவுக்கு யார் எந்த ரயிலில் போகிறார்கள். என்னைப் பார்த்தால் அன்பாகத்தான் சிரிப்பார்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். "குள்ளஞ்சாவடி பக்கங்க" என்பேன். "அப்படியா" என்பார்கள். அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடப் போவார்கள், நான் சைக்கிளை எடுப்பேன். குற்றம் சொல்லவில்லை. அவர்கள் கோழிக்குழம்பு வாசனை வருகிற தெரு வழியாகத்தான் நான் போக வேண்டும், அது மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

அந்த மாதிரி ஒரு நாள்தான் நாலாம் நம்பர் பெல்ட்டுக்கு அடியில் பாட்டு வந்தது. உருளைகளின் தடதட சத்தத்துக்குள்ளிருந்து ஒரு ராகம், வார்த்தையும் கூடவே.

கூப்பிடாத வீட்டுக்கு வந்தவரே - என்
கூரைக்குள்ளே குனிஞ்சு வந்தவரே
பாய் விரிக்க எனக்கொரு பாயுமில்லே - நீர்
பக்கத்திலே தரையிலே உக்காந்தீரே

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். என் பக்கத்தில் ஆள் இருந்தது. சத்தியமாக இருந்தது. மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் தனியாக இல்லை. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, "இந்த ராகத்தைக் கர்த்தர் எனக்கு நாலாம் நம்பர் பெல்ட்டில் கொடுத்தார்" என்று சாட்சி சொல்லிப் பாடிக் காட்டினேன். சார் உடனே ஆர்மோனியத்தில் பிடித்துக்கொண்டார். ஒரே மாதத்தில் சபையே கைதட்டிப் பாடியது. தெற்கத்தி ஜனங்கள், கோயமுத்தூர்ப் பக்கத்து ஜனங்கள், எல்லாருக்கும் புது ராகம். கடலூர் கன்வென்ஷன் கூட்டத்துப் பாட்டுப் புத்தகத்தில் அச்சடிக்க எழுதிக் கேட்டார்கள். என்னையே நேரில் வந்து பாடச் சொன்னார்கள். அதன்பின் பாட்டு ஊழியத்துக்கே முழு நேரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு இருந்தது. பெல்ட்டை விட்டு வெளியே வரலாம்.

இவ்வளவும் இருக்கும்போதுதான் மாரியம்மாள் சமையல்கட்டுக் கதவோரம் உட்கார்ந்து அழுதாள். வேகமாகப் பாடியவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. சார் இழுத்து வாசித்ததும் அது தன் சொந்த நடைக்கு வந்துவிட்டது. மண்டபத்தில் ஒருவர், "கர்த்தர் குடுத்ததுன்னுல்ல சொன்னான்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். நன்றாகவே காதில் விழுந்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

சார் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வேதனை. மறுநாள் சாயங்காலம் மந்தாரக்குப்பத்துக்கே என் அறையைத் தேடி வந்து, வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசினார். "என் வீட்டம்மா நேத்துலருந்து சாப்பிடல. பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயந்துக்கிட்டு இருக்கா. அத நான் பாத்துக்கிடுதேன். நீ கவலப்படாதடே. வார்த்த நல்ல வார்த்த. ராகத்த மட்டும் மாத்திப்புடுவோம். நானே ஒண்ணு போட்டிருக்கேன். வர்ற ஞாயிறு பாடு. கடலூருக்கும் அதையே அனுப்பிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாட்சில சொன்னத மட்டும் இனிமே சொல்லாத, என்ன?" என்றார்.

அவர் போட்ட ராகத்தை நான்கு நாள் பாடிப் பார்த்தேன். நல்ல ராகம்தான். சார் விஷயம் தெரிந்தவர். ஆனால் 'பக்கத்திலே தரையிலே உக்காந்தீரே' என்று பாடினால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. புத்தகம் போனால் போகிறது, கடலூர் போனால் போகிறது, பெல்ட்டிலேயே கிடந்து சாகிறேன், அது எனக்குப் பெரிசில்லை. அந்த ராகத்தைக் கர்த்தர் கொடுக்கவில்லை என்றால், அன்றைக்கு என்னோடு இருந்தது யார்? யாரும் இல்லையா? வெறும் பெல்ட்டுச் சத்தமும் நானும்தானா? அப்படியானால் யாருக்காக நான் பெற்ற தகப்பன் பந்தலுக்கு வெளியே நின்றேன்? இதை யாரிடம் போய்க் கேட்பது? ஐயரிடம் கேட்டால் ஜெபம் பண்ணுவார். சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே கிளம்பி, வடலூரில் பஸ் மாறி, ஊருக்குப் போனேன்.

அம்மா வீட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு சாம்பல் பூசியிருந்தாள், இருந்தும் கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து வெந்திருந்தது. மூன்று வருஷத்தில் இப்படி இளைத்துப் போயிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தலை நிமிராமலே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

"கல்யாணத்துல பாடனியாமே. மாரி சொன்னா."

நான் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன்.

"நல்ல புள்ளடா. அப்பனுக்கு அழுத பாட்ட அடுத்தவன் வூட்டுக் கல்யாணத்துல பாடிகினு நிக்கிற. எவனாவது செய்வானா? அந்தப் பொண்ணு என்னா பாவம் பண்ணுச்சி?"

"தெரியாம பாடிட்டேம்மா. சத்தியமா எனக்குத் தெரியல. சாமி குடுத்த ராகம்னுதான் நெனச்சேன்."

கொட்டை உடைக்கிற கை நின்றது. அம்மா என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"அன்னிக்கி வெளியில நின்னுகினு இருந்தியே, காத மட்டும் உள்ள அனுப்பிட்டியா? எங்க, பாடு. என்னாத்த எழுதனன்னு பாப்பம்."

பாடினேன். குரல் வெளியே வரவில்லை, ஆனாலும் நாலு வரி பாடினேன். 'கூரைக்குள்ளே குனிஞ்சு வந்தவரே' என்ற இடத்தில் அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது நான் பாடனது. 'நெடுநெடுன்னு வளந்தவரே, என் கூரைக்குள்ள குனிஞ்சு வந்தவரே'ன்னு. உங்கப்பனுக்கு நெலப்படி தலையில இடிக்கும்ல. கல்யாணமாயி வந்த அன்னிக்கே இடிச்சிகினாரு. அப்பறம் முப்பது வருசம் குனிஞ்சிதான் வந்தாரு. உஞ்சாமிக்கு என்னாத்துக்குக் குனியணும்? அவரு என்னா அம்மாம் ஒசரமா?"

வேலை முடிந்து வந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, முதுகை வளைத்து உள்ளே வருகிற அப்பா கண்ணுக்கு முன்னால் நின்றார். உள்ளே வந்ததும் பாயெல்லாம் தேட மாட்டார், தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இயேசு என்று நினைத்து நான் பாடிய ஆள் அத்தனையும் என் அப்பனைப் போலவே செய்திருக்கிறார்.

"உஞ்சாமி அன்னிக்கி எங்கடா இருந்தாரு?" என்றாள் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

யோசிக்காமல் வாயில் வந்தது. "எங்கூடதாம்மா. வேலியாண்ட நின்னுகினு இருந்தாரு."

அம்மா ஒரு கொட்டையை எடுத்து உடைத்தாள், பருப்பைக் கூடையில் போட்டாள்.

"அப்ப அவரும் அந்தப் பாட்ட எங்கிட்டதான் கத்துகினாரு" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ பிடி விட்டுப் போயிற்று. 'அப்பா' என்று கத்தினேன். அது பாட்டில்லை, ராகமில்லை, அசிங்கமான சத்தம். மண்ணில் குப்புற விழுந்து, மூக்கெல்லாம் ஒழுக, தெருவில் நாய் குரைக்க, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, என்ன ஏதென்று கேட்டார்கள். அம்மா வந்து தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. நான் அழுது முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கோயிலில் சார் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். எந்த ராகத்தில் எடுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எழவுக்கு அழுதவன் தலைய நனைக்காம வூட்டுக்குள்ள போவக் கூடாது. இப்டி வா."

தீட்டுச் சடங்கு. அன்றைக்கு இதைத்தான் மாட்டேன் என்றேன். கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் போய் உட்கார்ந்தேன். அண்டாவில் காலையில் எடுத்து வைத்த தண்ணீர் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை, அம்மா சொம்பால் மொண்டு தலையில் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. கண்ணில் மண்ணும் தண்ணீருமாக இறங்கியது. அண்டா அடி தட்டுகிறவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசிச் சொம்பு மட்டும் என் மேல் விழவில்லை. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அதை அவள் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த முடியிலிருந்தும் கறுத்த விரலிலிருந்தும் சொட்டச் சொட்ட, சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. யார் முதலில் உள்ளே போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.